பதின்பருவக் கலையை மேடைக்கு அழைப்பது எப்படி?

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஐந்து வயதில் பயிற்சியைத் தொடங்குகிறாள். ஏழாண்டு பயின்று, பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னன் முன் ஆடுகிறாள். தலைக்கோல் பட்டமும் 1,008 கழஞ்சு பொன்னும் அவளுக்குக் கிடைக்கின்றன. ஆடலாசான், இசையாசான், தண்ணுமையாசான் ஆகியோரின் தகுதியையும், அரங்கின் நீள அகலங்களையும், விளக்கும் திரையும் அமைந்த விதத்தையும் இளங்கோவடிகள் விரிவாகச் சொல்கிறார். அவ்வளவு விரிவிலும் மாதவியோடு போட்டியிட்ட இன்னொரு பெண் வருவதில்லை. கற்றது முற்றியதா என்பதே அங்கே சோதிக்கப்படுகிறது. ஆனால் அந்த மேடைக்கு ஒரு விலையும் இருந்தது. அரங்கேறியவளின் மாலை அதே 1,008 கழஞ்சுக்கு வீதியில் விற்பனைக்கு வருகிறது. அதை வாங்கிய கோவலனே அவளை அடைகிறான். இளையோரின் கலையைப் பெரியவர்கள் மேடையேற்றும்போது அதில் பெரியவர்களின் தேவைகளும் கலந்திருக்கும் என்பதற்குத் தமிழில் இதைவிடப் பழைய சான்று தேட வேண்டியதில்லை.

இன்று மேடைக்கான அழைப்பைச் சுற்றறிக்கை கொண்டுவருகிறது. ஒரு மாவட்டத்தின் அல்லது வட்டாரத்தின் 13 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் ஓவியம், கவிதை, நடனம், குறும்படம் ஆகியவற்றைக் கேட்டுப் பெற்று, அவற்றில் சிலவற்றைத் தேர்ந்து பொதுமக்கள் முன் வைப்பது உலகெங்கும் நடக்கிறது. அதை எப்படிச் செய்வது என்ற கேள்விக்கு நூறாண்டுக்கும் மேலாகப் பதில்கள் சொல்லப்பட்டு வருகின்றன. போட்டி வைக்கக் கூடாது என்பது ஒரு பதில். போட்டி இல்லாமல் திறமை வெளிவராது என்பது மற்றொன்று. இவ்விரண்டின் வழக்கு நீண்டதால், இவற்றைவிடத் தீர்மானமான ஒன்று கவனிப்பின்றிப் போனது என்பது இக்கட்டுரையின் வாதம். எதைப் படைக்கச் சொல்கிறோம், யார் அனுப்ப முடிகிறது, தேர்வாகாதவருக்கு என்ன திரும்பிப் போகிறது ஆகிய அழைப்பின் நிபந்தனைகளே வந்துசேரும் கலையை உருவாக்குகின்றன. பரிசு உண்டா இல்லையா என்பது அவற்றுக்குப் பிறகே வருகிறது.

போட்டி வேண்டாம் என்றவர்கள்

வியன்னாவில் 1897இல் ஃபிரான்ஸ் சிசெக் சிறாருக்கென ஓர் ஓவிய வகுப்பைத் திறந்தார். மாதிரிப் படத்தைப் பார்த்து அப்படியே வரைவதுதான் பள்ளி ஓவியம் என்றிருந்த காலம் அது. பிள்ளைகளின் கலைக்குத் தனக்கேயான விதிகள் உண்டு, பெரியவர் தலையிடாமல் இருந்தால் போதும் என்று சிசெக் சொன்னார். அவருடைய மாணவர்களின் படைப்புகள் 1920இல் லண்டனில் காட்சிக்கு வைக்கப்பட்டு, பிரிட்டனின் ஓவிய ஆசிரியர்களிடையே பெரிய தாக்கத்தை உண்டாக்கின. ஹெர்பர்ட் ரீட் 1943இல் வெளியிட்ட 'கலைவழிக் கல்வி' நூல் இந்தச் சிந்தனைக்குத் தத்துவ அடித்தளம் தந்தது. வியன்னாவிலிருந்து அமெரிக்கா சென்ற விக்டர் லோவன்ஃபெல்ட் 1947இல் எழுதிய நூல், அதை வயதுவாரியான வளர்ச்சிக் கோட்பாடாக்கி ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோனது. பிள்ளைகளின் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துவதை அவர் ஏற்கவில்லை. இந்தியாவில் சாந்திநிகேதனின் சூழலும், சேவாகிராமத்தில் காந்தியின் ஆதாரக் கல்விப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்த தேவி பிரசாத்தின் பணியும் ஏறத்தாழ இதே திசையில் சென்றன.

இந்த நிலைப்பாட்டின் வலிமை அதன் அன்பில் இருக்கிறது. அதன் பலவீனங்கள் இரண்டு. தலையிடாமல் விட்டதாகச் சொன்ன சிசெக்கின் வகுப்பிலிருந்து வந்த படங்கள் ஒன்றுபோல் ஒன்று இருந்ததைப் பின்னர் வந்த விமர்சகர்கள் சுட்டினர். தடித்த கோடுகளும் நாட்டார் அலங்காரப் பாங்கும் அவற்றில் திரும்பத் திரும்ப வந்தன. ஆசிரியர் சொல்லாவிட்டாலும் அவர் எதைப் பார்த்து மகிழ்கிறார் என்பதைப் பிள்ளைகள் புரிந்துகொள்கிறார்கள் போலும். இரண்டாவது பலவீனம் வயது பற்றியது. ஆறு வயதுப் பிள்ளையைப் பற்றிச் சொன்னதைப் பதினாறு வயதுக்கு நீட்டிவிட முடியாது. பதின்பருவத்தில் சுயவிமர்சனம் கூர்மையாகி, பலர் வரைவதையே விட்டுவிடுகிறார்கள் என்பதை லோவன்ஃபெல்டே பதிவு செய்திருக்கிறார். அந்த வயதில் ஒருவருக்குத் தன் படைப்பு நன்றாக இருக்கிறதா என்று தகுதியான ஒருவர் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லாமே அழகு என்ற பதிலை அவர்கள் நம்புவதில்லை.

பரிசைச் சோதித்துப் பார்த்தவர்கள்

உளவியலாளர்கள் இந்த வழக்கைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோனார்கள். மார்க் லெப்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1973இல் வெளியிட்ட ஆய்வு பெரும்பாலான விவாதங்களில் மேற்கோளாகிறது. படம் வரைய விருப்பமுள்ள மழலையர் பள்ளிக் குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு, வரைந்தால் தங்க முத்திரையும் நாடாவும் வைத்த சான்றிதழ் தருவதாக முன்கூட்டியே சொல்லப்பட்டது. பிற்பாடு தாமாக விளையாடும் நேரத்தில் அந்தக் குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம், எதுவும் சொல்லப்படாத குழந்தைகளின் நேரத்தில் ஏறத்தாழ பாதிதான் இருந்தது. எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களிடம் இந்தச் சரிவு காணப்படவில்லை. தெரசா அமபிலே 1982இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நேரடியானது. 7 முதல் 11 வயதுச் சிறுமிகள் காகிதத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்தார்கள். ஒரு குழுவுக்குச் சிறந்த படத்துக்குப் பரிசு என்று சொல்லப்பட்டது. இன்னொரு குழுவுக்குப் பரிசு குலுக்கலில் என்று சொல்லப்பட்டது. யார் எந்தக் குழு என்று அறியாத ஓவியர்கள் மதிப்பிட்டபோது போட்டிக் குழுவின் படங்கள் படைப்பாற்றலில் பின்தங்கின.

இவற்றை வைத்துப் போட்டிகளையே மூடிவிடலாம் என்று சொல்வது அவசரம். அமபிலேயின் ஆய்வில் பங்கேற்றவர்கள் இருபதுக்குச் சற்று மேற்பட்டோரே. லெப்பரின் ஆய்வில் இருந்தவர்கள் மழலைகள். பரிசின் தீமை மிகைப்படுத்தப்படுகிறது என்று ராபர்ட் ஐசன்பெர்கரும் ஜூடி கேமரனும் 1996இல் எதிர்வாதம் வைத்தனர். அதற்குப் பதிலாக எட்வர்ட் டெசியும் உடன் ஆய்வாளர்களும் 1999இல் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். எதிர்பார்த்துப் பெறும் பொருட்பரிசு உள்ளார்ந்த ஆர்வத்தைக் குறைக்கிறது என்பது அந்தத் தொகுப்பின் முடிவு. அந்தக் குறைவு கல்லூரி மாணவர்களைவிடச் சிறாரிடம் கூடுதலாக இருந்தது. வாய்ச்சொல்லாகத் தரும் பாராட்டும் மதிப்பீடும் கல்லூரி மாணவர்களின் ஆர்வத்தைக் கூட்டின. சிறாரிடம் அந்தப் பயன் தெளிவாகத் தெரியவில்லை. நம் கேள்விக்குரிய பதின்பருவத்தினர் இந்த இரு வயதினருக்கும் நடுவில் இருக்கிறார்கள். அவர்களைக் குறித்து உறுதியாகப் பேச இந்தச் சான்று போதாது. ஆயினும் அது ஒரு திசையைக் காட்டுகிறது. பரிசு எந்த அளவுக்குத் தகவலாக, அதாவது உன் படைப்பில் இது கைகூடியிருக்கிறது, இது கைகூடவில்லை என்ற செய்தியாக, வந்துசேர்கிறதோ அந்த அளவுக்கு அது உதவக்கூடும். வெறும் வரிசை எண்ணில் அந்தச் செய்தி இருப்பதில்லை.

கேரளம் கடந்துவந்த வழி

போட்டியை ஆதரிப்போர் நம் பக்கத்து மாநிலத்தைக் காட்டுவது வழக்கம். டெல்லியில் நடந்த பல்கலைக்கழக மாணவர் விழாவைப் பார்த்து வந்த கல்வித்துறை இயக்குநர் சி.எஸ். வெங்கடேஸ்வரனின் முயற்சியில் 1957இல் எர்ணாகுளத்தில் தொடங்கிய கேரளப் பள்ளிக் கலோற்சவம், இன்று ஆயிரக்கணக்கான மாணவர்கள் பங்கேற்கும் ஐந்து நாள் விழா. 1958ஆம் ஆண்டு விழாவில் பாட்டில் கே.ஜே. யேசுதாசும் மிருதங்கத்தில் பி. ஜெயச்சந்திரனும் முதலிடம் பெற்றார்கள். இருவரும் சேர்ந்து மேடையில் இருக்கும் புகைப்படம் அந்த விழாவின் பெருமைச் சின்னம். நடனத்திலிருந்து திரைக்குப் போன மஞ்சு வாரியர் போன்றோரும் அங்கிருந்து வந்தவர்களே. அமெரிக்காவில் 1923இல் மாரிஸ் ராபின்சன் தொடங்கிய ஸ்கொலாஸ்டிக் கலை, எழுத்து விருதுகளுக்கும் இதேபோன்ற பட்டியல் உண்டு. ஆண்டி வார்ஹாலும் சில்வியா பிளாத்தும் பதின்பருவத்தில் அவற்றைப் பெற்றவர்கள்.

இந்தப் பெயர்ப்பட்டியல்கள் நெஞ்சை நிறைக்கின்றன. ஆனால் சான்றாக அவற்றின் எடை குறைவு. அந்த மேடை இல்லாவிட்டால் யேசுதாஸ் பாடகராகியிருக்க மாட்டார் என்று யாரும் சொல்ல முடியாது. தோற்றுத் திரும்பியவர்களில் எத்தனை பேர் பாட்டை விட்டார்கள் என்பது எந்தப் பட்டியலிலும் இல்லை. கேரளத்தின் அனுபவத்தில் இதைவிடக் கற்றுக்கொள்ள வேண்டியது, அந்த விழா தன்னையே திருத்திக்கொள்ள நேர்ந்த கதை. 1980களில் அதிகப் புள்ளி பெறும் மாணவருக்குக் கலாபிரதிபா, மாணவிக்குக் கலாதிலகம் என்ற பட்டங்கள் வந்தன. அதிகம் வெல்லும் மாவட்டத்துக்கு 117 பவுன் தங்கக் கோப்பை வந்தது. பட்டத்தைக் குறிவைத்து ஒரே மாணவர் பல பிரிவுகளில் பங்கேற்பதும், உடைக்கும் பயிற்சிக்கும் பெற்றோர் பெரும்பணம் செலவிடுவதும், நடுவர் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்வதும், அதிலும் தோற்றால் நீதிமன்றம் போவதும் வழக்கமாயின. 2006இல் அந்தப் பட்டங்கள் கைவிடப்பட்டன. ஒன்று, இரண்டு, மூன்று என்ற வரிசையைவிடத் தரநிலைக்கு முக்கியத்துவம் தரப்பட்டது; குறிப்பிட்ட தரத்தை எட்டியவர்கள் எத்தனை பேராயினும் அவர்கள் அனைவரும் அந்தத் தரத்தைப் பெறுவார்கள்.

தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறை 2022-23 கல்வியாண்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான கலைத் திருவிழாவைத் தொடங்கியது. பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று நான்கு படிகள். பிறகு தொடக்கப் பள்ளிகளுக்கும் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. தனியார் சபாக்களின் வாசலுக்கே போக வழியில்லாத பிள்ளைகளுக்கு ஒரு மேடையை அரசு தன் செலவில் தந்திருப்பது பெரிய செயல். அதைக் குறைத்துச் சொல்ல இடமில்லை. ஆனால் மாநில வெற்றியாளர்களுக்குக் கலையரசன், கலையரசி என்ற பட்டங்கள் அறிவிக்கப்பட்டதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். எல்லைக்கு அப்பால் இருபதாண்டு வைத்துப் பார்த்து, வேண்டாம் என்று இறக்கிவைத்த ஏற்பாட்டோடு நம் விழா பயணத்தைத் தொடங்கியது.

தலைப்பு யாருடையது?

இந்த விவாதத்தில் மிகக் குறைவாகப் பேசப்பட்டதும், என் பார்வையில் மிக முக்கியமானதும் தலைப்பு. பதின்பருவத்தினருக்கு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரு பொருளோடு வருகின்றன. நெகிழி ஒழிப்பு, போதை ஒழிப்பு, சாலைப் பாதுகாப்பு, மின்சேமிப்பு, மழைநீர் சேகரிப்பு. மத்திய அரசு 2015இல் 9 முதல் 12ஆம் வகுப்பு மாணவர்களுக்கெனத் தொடங்கிய கலா உத்சவத்தின் முதல் ஆண்டுக்கும், பெண் குழந்தைகளைக் காப்போம் என்ற அரசுத் திட்டமே பொருளாக இருந்தது. இவை நல்ல நோக்கங்கள். ஆனால் இவற்றுக்கு வந்துசேரும் படங்களை எந்தப் பள்ளி வராந்தாவிலும் காணலாம். கண்ணீர் விடும் பூமி உருண்டை, அதைத் தாங்கும் இரு கைகள், பாதி பசுமையாகவும் பாதி பட்டுப்போயும் நிற்கும் மரம், புகைக்கும் ஆலையின் மேல் சிவப்பில் ஒரு பெருக்கல் குறி. சார்ட் அட்டையும் போஸ்டர் கலரும் மாறினாலும் படம் மாறுவதில்லை. மாணவர்களின் கற்பனை வறண்டதால் இப்படி நேரவில்லை. அழைப்பு என்ன கேட்டதோ அதை அவர்கள் துல்லியமாகப் புரிந்துகொண்டு கொடுத்திருக்கிறார்கள்.

அமெரிக்கக் கலைக்கல்வி அறிஞர் ஆர்தர் எஃப்லாண்ட் 1976இல் இதைப் பள்ளிக் கலைப் பாணி என்று பெயரிட்டு ஆராய்ந்தார். பள்ளிக்கு வெளியே எந்தக் கலை உலகிலும் காண முடியாத, பிள்ளைகள் தாமாக வீட்டில் வரைவதோடும் சேராத ஒரு பாணியைப் பள்ளி உருவாக்கிக்கொள்கிறது. பள்ளி நன்றாக நடக்கிறது என்று வெளியே காட்டுவதே அதன் பணி என்பது அவர் கருத்து. அடுத்த ஆண்டே பிரென்ட் வில்சனும் மார்ஜரி வில்சனும், இளையோர் வரையக் கற்பதில் பெரும்பங்கு படக்கதைகளையும் திரையையும் பிறர் வரைந்ததையும் பார்ப்பதிலிருந்து வருகிறது என்று எழுதினார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் நம் நோட்டுப் புத்தகங்களின் கடைசிப் பக்கங்களுக்கு ஒரு விளக்கம் கிடைக்கிறது. ஒரு பதினைந்து வயதுக்காரர் அங்கே வரையும் நடிகர் முகமும் அனிமே கண்களும் அவருடைய சொந்தத் தேடல். அதே ஆள் வட்டார அளவிலான போட்டிக்குப் பூமி உருண்டையை வரைகிறார். காட்சிக்கு வருவது இரண்டாவது மட்டுமே.

தலைப்பைத் திறந்துவிட்டால் என்ன ஆகும் என்ற அச்சம் அமைப்பாளர்களுக்கு உண்டு. அது பொய்யான அச்சம் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கலைப்போட்டி 1982 முதல் நடக்கிறது. ஒவ்வொரு தொகுதியிலும் தேர்வாகும் உயர்நிலைப் பள்ளி மாணவரின் படைப்பு ஓராண்டு தலைநகர் வாஷிங்டனில் நாடாளுமன்ற வளாகத்தில் தொங்கும். 2016இல் மிசௌரி மாநிலத் தொகுதியொன்றிலிருந்து தேர்வான மாணவரின் ஓவியம், காவலர்களை விலங்குத் தலையோடு காட்டியதாகச் சர்ச்சைக்குள்ளானது. உறுப்பினர்கள் சிலர் அதைத் தாங்களே கழற்றினார்கள். அந்தத் தொகுதியின் உறுப்பினர் மீண்டும் மாட்டினார். 2017 ஜனவரியில் அது அதிகாரபூர்வமாக அகற்றப்பட்டது. வழக்கு போனபோது, அந்தச் சுவரில் தொங்குவது அரசின் பேச்சாகவே கருதப்படும் என்று கூறி மாவட்ட நீதிமன்றம் உடனடி நிவாரணம் தர மறுத்தது. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்பது அமெரிக்கச் சட்ட விவாதம். நமக்கு அது எழுப்பும் கேள்வி பொதுவானது. ஒரு மாணவரின் குரலைக் கேட்டு அழைத்துவிட்டு, வந்தபின் அது அழைத்தவரின் குரலாக இருக்க வேண்டும் என்று சொல்லலாமா? 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் குழந்தை உரிமை உடன்படிக்கை, கருத்து வெளிப்பாட்டு உரிமையைச் சொல்லும் 13ஆம் பிரிவில் கலைவடிவத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. இந்தியா 1992 முதல் அதற்குக் கட்டுப்பட்ட நாடு. வரம்பு உண்டென்றால் அதை அழைப்பிலேயே வெளிப்படையாக எழுதிவிடுவது, தேர்வுக்குப் பின் அகற்றுவதைவிட நேர்மையானது.

தலைப்பே கொடுக்கக் கூடாது என்று இதற்குப் பொருளில்லை. வெறுந்தாளின் முன் உறைந்துபோகிறவர்களும் உண்டு. ஒரு கட்டுப்பாடு கற்பனையைத் தூண்டும் என்பதை ஈற்றடி தந்து வெண்பா கேட்ட நம் மரபு நன்கறியும். பிரச்சினை, பதிலையும் உள்ளே வைத்துக்கொண்டு வரும் தலைப்பில் இருக்கிறது. உங்கள் ஊர் நீர்நிலை என்பது ஒரு பொருள். நீரைக் காப்போம் என்பது முடிவு. முதலாவதைப் பெற்ற மாணவர் ஏரிக்கரைக்குப் போய்ப் பார்க்க வேண்டியிருக்கும். இரண்டாவதற்குப் போக வேண்டிய அவசியமில்லை.

நடுவரின் கண்

தேர்ந்தெடுப்பது யார் என்பதைப் பொறுத்துத் தேர்வு மாறும் என்பதற்கு நல்ல ஆய்வுச் சான்று இருக்கிறது. ஹார்வர்டைச் சேர்ந்த ஜெசிகா டேவிஸ், ஐந்து வயதுக் குழந்தைகளின் ஓவியங்களும் வளர்ந்த ஓவியர்களின் படைப்புகளும் வெளிப்பாட்டுத் திறனில் ஒரே உயரத்தில் நிற்பதாகவும், இடைப்பட்ட வயதில் சரிவு ஏற்படுவதாகவும் கண்டார். டேவிட் பாரிசரும் ஆக்செல் வான் டென் பெர்க்கும் 1997இல் மான்ட்ரியலில் இதே முறையைச் சீன வம்சாவளி நடுவர்களிடம் வைத்துப் பார்த்தனர். அவர்களுடைய மதிப்பெண்ணில் அந்தச் சரிவு வரவில்லை. வயதும் தேர்ச்சியும் கூடக்கூட மதிப்பெண்ணும் கூடியது. சரிவு என்பது பிள்ளைகளின் கையில் எவ்வளவு, நவீன ஓவியத்தில் பழகிய நடுவரின் கண்ணில் எவ்வளவு என்ற கேள்வி அப்போது எழுந்தது. ஒரு மாவட்டக் காட்சிக்கு நடுவராக வருபவர் கோட்டோவியத்தின் நேர்த்தியில் வளர்ந்தவரா, அரூப ஓவியத்தில் வளர்ந்தவரா என்பதே முடிவைத் தீர்மானித்துவிடக்கூடும். பெயர் மறைத்து மதிப்பிடுவது சாய்வைக் குறைக்கும். ஸ்கொலாஸ்டிக் விருதுகளில் அந்த முறை உண்டு. ஆனால் பெயரை மறைக்கலாம், சுவையை மறைக்க முடியாது. வெவ்வேறு பயிற்சியுள்ள நடுவர்களை அமர்த்துவதும், அவர்கள் தங்கள் காரணத்தை இரண்டு வரியாவது எழுதித் தருவதும் இதற்கு இயன்ற மருந்துகள்.

பிரிவுகளின் பட்டியலும் ஒரு நடுவர்தான், அதுவும் எல்லோருக்கும் முன்பே தீர்ப்பு எழுதிவிடும் நடுவர். எந்தக் கலைக்குப் பட்டியலில் வரி இல்லையோ அந்தக் கலைஞர் விண்ணப்பிக்கவே முடியாது. கேரளக் கலோற்சவத்தில் இருளர் நடனம், பணியர் நடனம், மங்கலம்களி உள்ளிட்ட ஐந்து பழங்குடிக் கலைகள் 2025ஆம் ஆண்டு விழாவில்தான் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டன. விழா தொடங்கி 68 ஆண்டுகளுக்குப் பிறகு. தமிழ்நாட்டு விழா நாட்டுப்புறக் கலைகளுக்குத் தொடக்கத்திலேயே இடம் தந்தது. இந்த ஒன்றில் நாம் முந்திக்கொண்டோம் எனலாம். இலங்கையில் கோட்டம், வலயம், மாகாணம், தேசியம் என்று நடக்கும் அகில இலங்கைத் தமிழ்த் தினப் போட்டியும் கூத்தைப் பள்ளி மேடையில் வைத்திருக்கிறது.

அழைப்பு போய்ச் சேராத இடங்கள்

எல்லோருக்கும் திறந்திருக்கும் அழைப்பு எல்லோரையும் எட்டிவிடுவதில்லை. அதை எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியர் வேண்டும், தாளும் வண்ணமும் வேண்டும், மாவட்டத் தலைநகருக்குப் போய்வரப் பேருந்துக் காசும் கூட வர ஒரு பெரியவரும் வேண்டும். தமிழக அரசுப் பள்ளிகளில் 2012இல் ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலிய பாடங்களுக்கு 16,549 பேர் பகுதிநேர ஆசிரியர்களாக நியமிக்கப்பட்டனர். வாரத்துக்கு மூன்று அரைநாள் வேலை, தொடக்க ஊதியம் மாதம் 5,000 ரூபாய். ஊதியம் பிறகு உயர்ந்தது. பணி நிரந்தரத்துக்கான அவர்களின் போராட்டம் தீரவில்லை. ஆண்டு முழுவதும் கலை கற்பிக்க ஆளில்லாத பள்ளி, திருவிழா மாதத்தில் மட்டும் கலைஞரைத் தேடும்போது, ஏற்கெனவே வீட்டில் பணம் கொடுத்துக் கற்ற பிள்ளையே கிடைக்கும். மேடை அப்போது திறமையோடு வசதியையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறது. லண்டன் ராயல் அகாடமி 2019இல் தொடங்கிய இளங்கலைஞர் கோடைக் காட்சிக்குக் கட்டணம் இல்லை. ஸ்கொலாஸ்டிக்கில் கட்டணம் உண்டு, இயலாதவருக்கு விலக்கும் உண்டு. இவை தேவையான ஏற்பாடுகள். ஆனால் ஆசிரியர் இல்லாத குறையைக் கட்டண விலக்கு ஈடுசெய்யாது.

சொத்துரிமை பற்றி ஒரு சொல். வந்த படைப்புகள் எல்லாம் அமைப்பாளருக்கே சொந்தம் என்று பல அழைப்புகளின் அடியில் ஒரு வரி இருக்கும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 படி படைத்தவரே முதல் உரிமையாளர். வயது அதற்குத் தடையில்லை. 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது என்பது 1903ஆம் ஆண்டின் மோகரி பீபி வழக்கிலிருந்தே நிலைத்த சட்டம். ஆகவே அந்த ஒற்றை வரிக்குச் சட்டத்தில் வலு இருப்பது ஐயத்துக்குரியது. நியாயத்தில் அதற்கு வலு இல்லவே இல்லை. காட்சி முடிந்ததும் படைப்பைத் திருப்பித் தருவதும், படம் எடுத்துப் பயன்படுத்தினால் பெயர் குறிப்பிடுவதும் குறைந்தபட்ச மரியாதை.

மறுப்புகளுக்குப் பதில்

போட்டியை மென்மையாக்கினால் உழைப்பும் மென்மையாகிவிடும் என்பது முதல் மறுப்பு. உலகம் போட்டிமயமானது, பிள்ளைகள் அதற்குப் பழக வேண்டும் என்பதும் இதனுடன் சேர்ந்தே வரும். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கெடு தேதியும் பார்வையாளரும் இல்லாமல் பல படைப்புகள் முடிக்கப்படுவதே இல்லை. ஆனால் கெடுவும் பார்வையாளரும் வேறு, முதலிடம் வேறு. அரங்கேற்றத்துக்குத் தயாராகும் பெண் எவரையும் தோற்கடிக்கப் போவதில்லை. அதனால் அவள் உழைப்பு குறைவதில்லை. தரமான தேர்வு இருக்கட்டும், கடுமையாகவே இருக்கட்டும். தேர்வானவற்றுக்குள் மீண்டும் ஒன்று, இரண்டு, மூன்று என்று பிரிப்பதால் கூடுதலாக என்ன கிடைக்கிறது என்பதைப் போட்டியின் ஆதரவாளர்கள் இன்னும் காட்டவில்லை.

இரண்டாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. பல்லாயிரம் படைப்புகளுக்குத் தனித்தனியே கருத்து எழுதித் தர யாரால் முடியும்? மாநில அளவில் முடியாது என்பதை ஏற்கத்தான் வேண்டும். வட்டார அளவில் முடியும். அங்கே ஒரு பிரிவுக்கு வரும் படைப்புகளை ஒரு நடுவர் ஒரு நாளில் பார்த்துவிடலாம். மாநில விழாவின் வெளிச்சத்துக்கும் வெற்றியாளர்களின் வெளிநாட்டுப் பயணத்துக்கும் போகும் செலவில் ஒரு பகுதியைக் கீழ்ப்படிக்குத் திருப்புவது கொள்கை முடிவு. அது இயலாத காரியம் அல்ல. பெற்றோர் பட்டத்தையும் மதிப்பெண்ணையும்தான் மதிக்கிறார்கள் என்பது மூன்றாவது மறுப்பு. அது உண்மை. கலைக்காகப் படிப்பைக் கெடுத்துக்கொள்ளாதே என்ற வீட்டில், ஒரு சான்றிதழ் அந்தப் பிள்ளைக்கு அனுமதிச் சீட்டாக அமைகிறது. அதனால்தான் சான்றிதழைப் பரவலாகக் கொடுக்கும் தரநிலை முறை, ஒரே ஒருவருக்குக் கொடுக்கும் பட்டத்தைவிட நல்லது.

இன்னும் தெளியாதவை

சில கேள்விகளுக்கு யாரிடமும் முழுப் பதில் இல்லை. கைப்பேசியில் ஒரு வரி தட்டினால் படம் வந்துவிடும் காலத்தில், அனுப்பப்பட்ட ஓவியத்தில் மாணவரின் பங்கு எவ்வளவு என்பதை எப்படி அறிவது என்பது ஒன்று. நடுவர் முன் அமர்ந்து வரையச் சொல்வது ஒரு வழி. ஆனால் அது மெதுவாக, பல வாரம் உழைப்பவரைத் தண்டிக்கும். முன்வரைவுகளையும் சேர்த்துக் கேட்பது இன்னொரு வழி. அது எவ்வளவு பயன்தரும் என்று இப்போதே சொல்ல முடியாது. பரிசின் விளைவு பதின்பருவத்தில் எப்படி இருக்கிறது என்பதும், அதுவும் இந்தியச் சூழலில், குடும்பமே சேர்ந்து வெல்லும் சேர்ந்து தோற்கும் வீடுகளில் எப்படி இருக்கிறது என்பதும் மேலைநாட்டு ஆய்வுகளிலிருந்து ஊகிக்கக் கூடியவை அல்ல.

தேர்வாகாதவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்ற கேள்விதான் எல்லாவற்றிலும் பெரிது. போட்டியை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் அவர்களை வைத்தே வாதிடுகிறார்கள், ஆனால் அவர்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வு அரிது. தமிழ்நாட்டில் இதற்கு ஓர் அரிய வாய்ப்பு இருக்கிறது. கலைத் திருவிழாவில் பங்கேற்பவர்களின் விவரம் பள்ளிக் கல்வித்துறையின் எமிஸ் தளத்தில் பதிவாகிறது. பள்ளி அளவிலேயே நின்றவர், வட்டாரம் வரை போனவர், மாநிலம் வரை போனவர் ஆகியோரில் அடுத்த ஆண்டும் பெயர் கொடுத்தவர்கள் எத்தனை பேர், கலைப் பிரிவில் மேற்படிப்புக்குப் போனவர்கள் எத்தனை பேர், எந்தப் பள்ளியிலிருந்து ஒருவருமே வரவில்லை என்பதையெல்லாம் அந்தப் பதிவுகளிலிருந்து தொகுக்க முடியும். 2022இல் பத்தாம் வகுப்பில் இருந்தவர்கள் இப்போது பள்ளியை முடித்து வெளியேறிவிட்டார்கள். மாணவர்களின் பெயரையும் அடையாளத்தையும் நீக்கி, அந்தத் தரவுகளைப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கும் கலை ஆசிரியர் அமைப்புகளுக்கும் துறை திறந்துவிட வேண்டும்.